நாலு துளையும் தெரிகிற தண்ணீர்

தையல்காரி வீட்டில் நீச்சல்குளம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கும்போது, பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாக அது கண்ணில் படும். விரித்த கையை மடக்க மறந்து அப்படியே நிற்பார்கள். தையலம்மா அதற்குள் தோள், கழுத்து, நீளம் எல்லாம் எடுத்து முடித்திருப்பாள். "எங்க வீட்டுக்காரர் கட்டினது" என்பாள், ஏதோ சமையலறையில் ஒரு அலமாரி அடித்ததைப் போல. பெருமை இல்லாமல் இல்லை. அதைக் காட்டிக்கொள்வது அவள் சுபாவம் கிடையாது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். காலமெல்லாம் அடுத்தவர் வீட்டில் குளம் கட்டியவர். வேலை முடிந்ததும் மிஞ்சிய டைல்ஸைத் தூக்கிப் போடச் சொல்வார்கள். அவர் சாக்கில் கட்டி சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இப்படிச் சேர்த்துச் சேர்த்து, கொல்லையில் தானே குழி தோண்டி, தனக்கென்று ஒன்று கட்டினார். நாலு சுவரும் நாலு நீலம். ஒரு மூலை மட்டும் பச்சை, ஏனென்றால் அந்த வாரம் கிடைத்தது அதுதான். ஒட்டுத்துணியில் தைத்த போர்வை மாதிரி இருக்கிறது என்று தையலம்மா கேலி செய்வாள். ஆனால் ஒருநாளும் அதில் இறங்கியதில்லை. தண்ணீர் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குலைநடுக்கம். கரையில் உட்கார்ந்து கணுக்கால் வரை நனைப்பாள், அதற்கே சேலையைப் பிடித்துக்கொள்வாள்.

மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் அவளுடைய பொத்தான் டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்துக்கொண்டு போய்க் குளத்தின் ஆழமான பக்கத்தில் போடுவார். அது ஆடி ஆடி அடியில் போய் உட்கார்ந்ததும், குந்தி உட்கார்ந்து பார்ப்பார். பொத்தானின் நாலு துளையும் தனித்தனியாகத் தெரிந்தால் தண்ணீர் சரி. மங்கலாகத் தெரிந்தால் கேனிலிருந்து கொஞ்சம் குளோரின் ஊற்றுவார், மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓடவிடுவார். அத்தோடு சரி. இதைப் பற்றி யாருக்கும் பாடம் எடுத்ததில்லை, கேட்டவரும் இல்லை. தையலம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் டப்பாவில் பொத்தான் குறைவது மட்டும்தான். சட்டைக்கு ஏழு பொத்தான் எடுத்துவைத்தால் தைக்கும்போது ஆறுதான் இருக்கும். "அந்த டப்பாவுல கைய வைக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது" என்பது அந்த வீட்டின் காலைப் பேச்சு.

அந்தப் பேச்சு ஒருநாள் நின்றுபோனது. மேஸ்திரி பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வலது கை, வலது கால் இரண்டும் பேருக்குத்தான் இருந்தன. வாய் திறந்தால் ஒரு சத்தம் வரும், சொல் வராது. எழுதவும் வரவில்லை, இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோணல்மாணலாகக் கோடு போட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கி எறிந்தார். உள்ளே எல்லாம் புரிகிறது, வெளியே கொண்டுவர வழிதான் அடைபட்டுப் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தையலம்மா தலையாட்டினாள். கேட்டுக்கொள்வது வேறு, அதோடு ஒரு மனுஷனை வைத்துக் குடும்பம் நடத்துவது வேறு.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணை ஆஸ்பத்திரி அனுப்பியது. எல்லோரும் அவளைப் பிசியோ என்பார்கள். கறாரான பெண். கொல்லைப்பக்கம் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. இவரைத் தரையில் நிறுத்த ரெண்டு ஆள் வேண்டும், தண்ணீரில் நிறுத்தினால் பாதி பாரத்தை அது தாங்கிக்கொள்ளும் என்றாள். எதிர்வீட்டுக்காரர் கைகொடுக்க முன்வந்தார். அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது, அல்லது அப்படி அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் விஞ்ஞானி. நல்ல மனசு, அதுவேறு விஷயம்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேஸ்திரியைப் படியில் இறக்கினார்கள். தையலம்மா கரையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மார்பளவு தண்ணீரில் அவர் நின்றார். வலது கால் தடுமாறித் தரையைத் தேடியது, தேடிப் பிடித்தது. பாதம் முழுசாகப் பதிந்தது. பிசியோ மெல்லக் கையை எடுத்தாள். மேஸ்திரி விழவில்லை. தான் ஒட்டிய டைல்ஸ்மேல் தன் இரண்டு காலில் நின்றார். தையலம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அளவு தப்பாக எடுத்தாள்.

கிளம்பும்போது பிசியோ அவளைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொன்னாள். "முதல் சில மாசம்தாம்மா முக்கியம். அதுக்குள்ள கால் கத்துக்கிட்டா அது நிலைச்சுடும். விட்டுட்டோம்னா பாதம் உள்பக்கமா திரும்பி இறுகிடும். அப்புறம் நானே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த வாரத்துக்குள் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத தண்ணீர் என்ன செய்யும்? முதலில் லேசாக மங்கியது, பிறகு பால் கலந்த மாதிரி ஆனது. தையலம்மா ஒரு பொத்தானைப் போட்டுப் பார்த்தாள். துளை என்ன துளை, பொத்தானே எங்கே போனது என்று தெரியவில்லை. பிசியோ கரையில் நின்று பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். மேஸ்திரியின் குதிகாலில் ஒரு புண் வேறு ஆறாமல் இருந்தது. "கால் தெரியாத தண்ணில நான் யாரையும் இறக்கமாட்டேன். தெளிய வச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

கேனில் இருந்த குளோரின் தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போனாள். ஊற்றுகிற குளோரினைத் தூக்கிக்கொண்டு எதற்கு அலைய வேண்டும், இதோ மாத்திரை இருக்கிறது, இந்தத் துளை போட்ட பிளாஸ்டிக் மிதவைக்குள் போட்டுவிட்டால் அதுபாட்டுக்குக் கரையும் என்று கடைப்பையன்கள் ஒரு டப்பாவைக் கட்டிக் கொடுத்தார்கள். பெரிய வெள்ளை வில்லைகள். போட்டாள். தெளியவில்லை. இன்னும் போட்டாள்.

இங்கேதான் விஞ்ஞானி மூக்கை நுழைத்தார். போனில் இரண்டு நாள் படித்துவிட்டு வந்து, குளோரினை வெயில் தின்றுவிடுகிறது, இந்தக் குளத்துக்கு மேலே கூரையே இல்லை, அதனால் ஸ்டெபிலைசர் என்று ஒரு பொடி போட வேண்டும், அது குளோரினுக்குக் குடை பிடிக்கிற மாதிரி என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த மாத்திரைக்குள்ளேயே அந்தப் பொடி கலந்திருக்கிறது என்பது அவர் படித்ததில் இல்லை போலிருக்கிறது. பொடியை அப்படியே கொட்டக்கூடாது, துணியில் கட்டித் தண்ணீர் வருகிற வாயில் தொங்கவிட வேண்டும் என்றும் சொன்னார். துணி என்றதும் தையலம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இதுநாள் வரை இந்தக் குளத்தில் அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுகூட இருந்ததில்லை. மெல்லிய பருத்தியில் இரட்டைத் தையல் போட்டு, வாயில் சுருக்குக் கயிறு வைத்து, அழகாக ஒரு பை தைத்தாள். அது கரைந்து தீர்ந்ததும் மறுபடி நிரப்பினாள். சாயம் மாறும் சோதனைப் பட்டியை முக்கிப் பார்த்தால் குளோரின் இருப்பதாகத்தான் காட்டியது. தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. அப்படியென்றால் குடை போதவில்லை என்று இன்னொரு பை தைத்தாள்.

மேஸ்திரி சக்கர நாற்காலியில் கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் மாத்திரை டப்பாவைக் கண்டதுமே அந்தச் சத்தத்தைப் போட்டார். அவள் குனிந்திருந்த நேரம் பார்த்து இடது காலால் டப்பாவை எட்டி உதைத்தார். மாத்திரைகள் தரையெல்லாம் உருண்டன. இன்னொரு நாள் கைக்கு எட்டிய மிதவையை இழுத்துத் தொடைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டார். உடுப்பெல்லாம் நனைந்து தோல் சிவந்துவிட்டது. அதைவிட, வீட்டின் ஓரத்தில் மோட்டார் இருக்கிற பக்கம் இடது கையை நீட்டி நீட்டிக் காட்டுவார். அதே பக்கம்தான் குளியலறையும். அவள் ஒவ்வொரு தடவையும் வேலையைப் போட்டுவிட்டு அவரைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போவாள். அங்கே போனதும் அவர் ஒன்றும் செய்யமாட்டார், தலையைச் சுவரில் முட்டிக்கொள்வார்.

இந்த நோயில் காரணமில்லாமல் கோபம் வரும், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவளும் மனுஷிதானே. பகலெல்லாம் தையல், அவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடுவில் இந்தப் பாழாய்ப்போன குளம். யாருக்காக இந்தப் பாடு? இரண்டாம் தடவை அவர் டப்பாவைக் கவிழ்த்த அன்றைக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உங்க காலுக்காகத்தானே நான் இந்த நாய்ப்பாடு படறேன். ஒத்தாச பண்ண முடியலன்னாலும் உபத்திரவம் பண்ணாம இருங்களேன்" என்று கத்திவிட்டாள். கத்திய வேகத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே விட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவள் குளத்துக்குப் போகும்போது அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். அவர் இடது கையால் கண்ணாடியைத் தட்டுவார். தட்டிக்கொண்டே இருப்பார். அவள் திரும்பிப் பார்க்காமல் பையை நிரப்புவாள். சில நாள் கழித்துத் தட்டுவது குறைந்தது, பிறகு நின்றே போனது. மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "இப்பல்லாம் கோவம் இல்ல, பிள்ளை மாதிரி இருக்காரு" என்று விஞ்ஞானியிடம் சொன்னாள். நிம்மதியாகத்தான் சொன்னாள்.

தண்ணீர் பச்சைக்குத் திரும்பியது. ஒரு பாட்டிலில் தண்ணீரை மொண்டுகொண்டு கடைக்கே போனாள். அன்றைக்குப் பையன்கள் இல்லை, கடைக்காரரின் மனைவி இருந்தாள். அவள் சாவகாசமாகப் பாட்டிலை வாங்கி, தண்ணீரில் ஏதோ மருந்து கலந்தாள். அது பாலாகத் திரிந்தது. பிறகு ஒரு ஒல்லிக் குழாயை எடுத்துக் காட்டினாள். அதன் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

"மேலேருந்து இந்தப் புள்ளியையே பாருங்க. நான் ஊத்த ஊத்த எப்ப மறையுதோ அப்பச் சொல்லுங்க."

தையலம்மா ஊசியில் நூல் கோர்க்கிற கண்ணால் பார்த்தாள். அந்த அம்மாள் ஊற்ற ஆரம்பித்தாள். குழாயில் விரல்கடை அளவுகூட ஏறவில்லை, புள்ளியைக் காணோம்.

"மறைஞ்சிடுச்சு" என்றாள் தையலம்மா.

கடைக்காரர் மனைவி குழாயைக் கீழே வைத்துவிட்டு, என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. புள்ளி இவ்வளவு சீக்கிரம் மறைந்தால் ஸ்டெபிலைசர் ரொம்ப அதிகம் என்று அர்த்தம், குளோரின் இருக்கத்தான் இருக்கிறது, ஸ்டெபிலைசர் அளவு மீறினால் வெயிலிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று அதன் கையையே கட்டிப்போட்டுவிடும், மாத்திரை போடப் போட இன்னும் இறுகும் என்று விளக்கினாள். இதை எடுக்க வேறு மருந்து இருக்குமே என்று தையலம்மா கேட்டாள்.

"மருந்தே கிடையாதும்மா. வெயில்ல ஆவியாகாது, ஃபில்டர்ல நிக்காது. முக்கால்வாசித் தண்ணிய வெளிய விட்டுட்டுப் புதுத் தண்ணி பிடிக்கணும். மோட்டார்கிட்ட வால்வு இருக்கும் பாருங்க, அதத் திருப்பினாப் போதும். குளம் கட்டின ஆளக் கேட்டாலே சொல்லியிருப்பாரே."

தையலம்மா பாட்டிலை எடுக்காமலே வெளியே வந்தாள். வெயில் சுட்டது, உறைக்கவில்லை. மோட்டார் பக்கம் நீட்டிய கை, கவிழ்ந்த டப்பா, தொடைக்கு அடியில் மிதவை, குளியலறைச் சுவரில் முட்டிய தலை. அவர் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அவள்தான் அவரைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துச் சாத்திவிட்டாள். சொல் போன மனுஷனிடம் மிச்சமிருந்தது ஒரு கை, அதையும் அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். அவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"தண்ணிய வெளிய விடணும். அதானே இத்தன நாளும் சொன்னீங்க?"

மேஸ்திரி அவளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும்.

நாற்காலியை மோட்டார் பக்கம் தள்ளிப் போனாள். எந்தப் பிடி, எந்தப் பக்கம் என்று அவர் கையைக் காட்டினார், அவள் திருப்பினாள். தண்ணீர் கொல்லைக் கால்வாயில் கொட்டிக்கொண்டு ஓடியது. நீலம் நீலமாகச் சுவர் வெளியே வந்தது. ஆழப் பக்கத்துச் சுவரில் கால்வாசி உயரத்து டைல்ஸ் வரிசை வரை இறங்கியதும் அவர் உள்ளங்கையை விரித்தார். அவள் நிறுத்தினாள். அன்று ஒரு பொழுது இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்தார்கள், பழையபடி.

வெளியே விடுவது அவர்கள் கையில் இருந்தது, புதுத் தண்ணீர் பிடிப்பது இல்லை. கோடை முற்றியிருந்தது. குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர், அதுவும் நூல் மாதிரி. மழை வரும்வரை குளம் நிரப்ப லாரித் தண்ணீர் தரக்கூடாது என்று ஊருக்கே உத்தரவு. தையலம்மா ஆபீஸ் ஆபீஸாகப் படி ஏறி இறங்கி, ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, கெஞ்சிப் பார்த்தாள். உங்கள் கஷ்டம் புரிகிறது என்றார்கள். புரிந்து என்ன செய்ய? வீட்டுச் செலவுக்குப் போக மிச்சமான குழாய்த் தண்ணீரைக் குளத்தில் விட்டாள். விஞ்ஞானி விஷயம் தெரிந்ததிலிருந்து தெருவில் தலை காட்டவில்லை. அவரை ஏச அவளுக்குத் தெம்பும் இல்லை, நியாயமும் இல்லை.

பிசியோ தரையில் என்ன முடியுமோ அதைச் செய்தாள். பாதத்தை நிமிர்த்திப் பிடித்து நீவச் சொல்லிக் கொடுத்தாள். தையலம்மா மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவர் காலைத் தன் மடியில் வைத்து நீவினாள். நீவும்போது நிமிரும், விட்டால் திரும்பும். நாளாக நாளாக நீவும்போதும் நிமிரவில்லை.

மழை வந்தது. குளம் நிறைந்தது. மேஸ்திரி காட்டிய அளவில் கேன் குளோரினை ஊற்றினாள், மோட்டாரை ஓடவிட்டாள். சொல்லிவைத்த மாதிரி தண்ணீர் தெளிந்தது. எத்தனை சுலபமாகத் தெளிந்தது என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

பிசியோவுக்குச் சொல்லி அனுப்பினாள். மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லை. தையலம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. பயப்பட வேண்டும் என்பதே அவளுக்கு ஞாபகம் வரவில்லை. தன்னை இறக்குவதற்கு முன் மேஸ்திரி கையை நீட்டினார். அவளுக்குப் புரிந்தது, இப்போதெல்லாம் புரிந்துவிடுகிறது. டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து வைத்திருந்தாள். அவர் அதை வாங்கிப் படிக்குப் பக்கத்தில் போட்டார்.

இருவரும் தாங்கி அவரை இறக்கி நிறுத்தினார்கள். இடது பாதம் பதிந்தது. வலது பாதம் உள்பக்கம் மடங்கி, விரல்கள் சுருண்டு, ஓரம் மட்டும் டைல்ஸைத் தொட்டு விலகியது. பிசியோ தண்ணீருக்குள் மூழ்கிக் குதிகாலை இரண்டு கையாலும் அழுத்தினாள். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மூழ்கினாள். பிறகு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் இன்னொரு தடவ பாக்கலாம்மா" என்றாள். அவள் கறாரான பெண், பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அதனால் சரியாகச் சொல்ல வரவில்லை. நாற்காலியைக் கொண்டுவருவதாகச் சொல்லிப் படியேறிப் போனாள்.

தையலம்மா அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி குனிந்து தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். பொத்தானின் நாலு துளையும் தனித்தனியாகத் தெரிந்தன. அதற்குப் பக்கத்தில் தரையில் பதிந்திருந்த பாதங்களும் தெரிந்தன. அவளுடையது இரண்டு, அவருடையது ஒன்று.